பதினாறு லிட்டர்

சின்ன வீராம்பட்டினத்தில் கடலைப் பார்த்த விடுதி.
புல்தரை முழுக்கக் கோரை.
பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும்,
பத்தாம் நாள் இரண்டாக எழும்.

போன மாதம் நான் விட்டுப்போன இடம் பச்சைக் கோடாகவும்
இரண்டு தரம் அடித்த இடம் பாய் அளவுக்குக் கருகியும் கிடந்ததை
அந்துவான் சார் போனில் படமெடுத்து வைத்திருந்தார்.
இந்த முறை மருந்தோடு ஒரு டப்பா தந்தார்.
"சாயம். டேங்குக்கு ஒரு மூடி.
அடித்தது தெரியும், விட்டதும் தெரியும்."

சொட்டு நீலத்துக்குப் பெரியண்ணன்.

காலை ஆறரை. கடல்காற்று எழ நேரமிருந்தது.
இடக்கையில் பம்பு, வலக்கையில் குழல்,
ஓர் எட்டு, ஒரு வீச்சு.
புல்மேல் பட்டையாக இறங்கியது நீலம்.
அடுத்த வரிசைக்கு அதன் விளிம்பே கயிறு.
செய்த வேலை முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.
கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மூன்றாவது டேங்குக்குத் தண்ணீர் பிடித்த அஞ்சலாட்சி
ஹோஸைக் கீழே போட்டாள்.
"திரும்பு. சட்டையப் பாரு."

மூடியில் கசிவு.
இடது தோளிலிருந்து இடுப்புவரை
தென்பெண்ணை மாதிரிக் கிளைபிரிந்து இறங்கியிருந்தது.

பிறகு இருவரும் தேடினோம்.
நகக்கண்ணில்.
தண்ணீர் பாட்டிலின் கழுத்தில்.
பீடியில், வாய் வைக்கும் பக்கம்.
வண்டிச் சாவி. காதுமடல்.
அவள் சாப்பாட்டுத் தூக்கின் பிடி
(அதை நான் எப்போது தொட்டேன்?)

சாயம் இன்றைக்குத்தான் வந்தது.
வாஷர் நான் மாற்றியதே இல்லை.
ஒன்பது வருடம்.

தாழ்வாரத்து வெள்ளை டைல்ஸில்
நாய் ஒன்று நீலமாக நடந்துபோயிருந்தது.
அந்துவான் சார் அதற்குத்தான் சத்தம் போட்டார்.
என் முதுகைப் பார்த்ததும் குரல் இறங்கியது.
"பயப்படாதே, ரெண்டு வெயில்ல போயிடும்."
சாயத்தைச் சொன்னார்.

அரியாங்குப்பத்தில் வாஷர் எட்டு ரூபாய்.
இரண்டு வாங்கினேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் பையன் ஓடிவந்தான்.
தினமும் ஏறுவது இடது தோளில்.
"இரு" என்று கையைத் தட்டிவிட்டேன்.
முகம் சுருங்கி நின்றான்.

கொல்லையில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டேன்.
மூன்று சொம்புவரை நீலமாக ஓடியது.
நான்காவது
தெளிவாக ஓடியது.
நம்பவில்லை.
இன்னொரு வாளி கேட்டேன்.