பத்தரைப் பேர்ச்

வடக்கு எல்லை: நகரசபை வாய்க்கால்.
கிழக்கு: செத்துப்போன ஒருவரின் பெயரில் இன்னும் கிடக்கும் வளவு.
தெற்கு: பத்தடி ஒழுங்கை.
மேற்கு: விற்ற லயனல் தனக்கென்று வைத்துக்கொண்ட மிச்சம்.
மட்டக்குளியில் பத்தரைப் பேர்ச்.
ஒரே காணி. இரண்டு உறுதி.

பெப்ரவரி பதினொன்றில் பிலேந்திரன் வாங்கினார்,
முழுக்காசும் எண்ணிக் கொடுத்து.
சாட்சிக்கு மச்சானும் ஒரு வான்காரனும்.
நொத்தாரிசின் லிகிதருக்கு அந்தக் கிழமை டெங்கு.
அவர் வாட்டில் கிடக்க
உறுதி லாச்சியில் கிடந்தது.
பிலேந்திரன் அதற்குள்
கேற் போட்டார், பித்தளைப் பூட்டுப் போட்டார்,
சுவாமியாரைக் கூட்டிவந்து
அத்திவாரக் கிடங்குக்குத் தீர்த்தம் தெளித்தார்.

மார்ச் இரண்டில் அதையே ஞானசௌந்தரி வாங்கினார்.
மூன்றாம் திகதி காலை பத்து நாற்பதுக்கு
நாட்புத்தகத்தில் ஏற்றிவிட்டார்.

இடையில் நான்.
காணிக் கந்தோரில் ஏடு புரட்டுவது தொழில்.
முப்பது வருடத்தைப் பின்னோக்கி வாசித்து
ஒரு தாளில் சுருக்கிக் கொடுப்பேன்.
ஞானசௌந்தரிக்குத் தேடியவனும் நான்தான்.
லயனலின் பெயருக்குக் கீழே வெறுமை,
விரலால் தடவியும் பார்த்தேன்.
'தடை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்த ஒழுங்கையால்தான் தினமும் பஸ்ஸுக்கு நடக்கிறேன்.
"ஆரோ கேற் போட்டிருக்கினம்" என்று அவர் இழுத்தபோது
"புத்தகத்தில் இல்லை" என்றேன்.
பொய் இல்லை அது.

லிகிதர் தேறி வந்து பதினான்காம் திகதி பதிந்தார்.
பதிவேடு ஒருவரையும் திருப்பி அனுப்பாது.
கட்டணத்தை எடுத்துக்கொண்டு
ஞானசௌந்தரிக்கு நேர் கீழே
ஒரு வரி இடம் கொடுத்தது.
ஒரே கையெழுத்து, ஒரே நீல மை.

புதுக்கடையில் வழக்கு நாலு வருடம்.
இந்த அம்மாவுக்கு முன்னமே தெரியுமா தெரியாதா
என்று பிலேந்திரனின் அப்புக்காத்து கேட்டுக்கொண்டே இருந்தார்.
மற்றப் பக்கம் எழும்பி, தொண்டையைச் செருமி,
தெரிந்திருப்பது மட்டும் வஞ்சகம் ஆகாது என்றது.
அதுதான் நின்றது.
பூட்டும் தீர்த்தமும் காய்ச்சலும் நிற்கவில்லை.
முந்தி வாங்கியவர் அல்ல,
முந்திப் பதிந்தவர்.

அநியாயம் என்று நாக்கு நுனிக்கு வந்தது.
ஆனால் லாச்சிகளை நம்பி எந்த வங்கி கடன் தரும்?
எந்தத் தகப்பன் சீதனம் வாங்குவான்?
நாளைக்கு வருகிறவனுக்கு
விரித்துக் காட்ட வேறென்ன இருக்கிறது என்னிடம்?
இதையும் நம்புகிறேன்,
அதையும் விழுங்க முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு திங்கள்
பிலேந்திரன் வந்து பக்கத்தைக் காட்டச் சொன்னார்.
காட்டினேன்.
தன் வரியில் விரலை வைத்தார்.
"அழிப்பினமோ?"
"இல்லை. இஞ்சை ஒன்றையும் அழிக்கிறேல்லை."
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு சாவியை ஏட்டின் மேல் வைத்தார்.
"அவவிட்டக் குடுங்கோ.
ரெண்டு தரம் திருப்ப வேணும்,
அல்லாட்டித் திறவாது."