சிரிப்புக்கு ராயல்டி இல்லை

நாங்கள் மூன்று பேர்.
குழுவின் பெயர் ட்ராம் நான்கு.
நான்காவது பெண் எங்கே என்று
ஒவ்வொரு பேட்டியிலும் கேட்டார்கள்.
முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள் என்போம்.
அதுவும் எழுதிக்கொடுத்த பதில்தான்.

ராட்டர்டாம், தொண்ணூற்றெட்டு.
எனக்கும் ஃபெம்கேவுக்கும் பதினேழு.
மொரீனுக்குப் பத்தொன்பது என்று போட்டிருந்தார்கள்,
பதினாறுதான்.
ஒப்பந்தத்தில் அப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
மொரீனுக்கு அப்பா இல்லை, மாமா வந்தார்,
பேனா இல்லையென்று என்னுடையதை வாங்கினார்.
திருப்பித் தரவில்லை.

பாட்டு உங்கள் காதிலும் விழுந்திருக்கும்:
வாடகை என் கையிலே
வாசல் என் சொல்லிலே
நீ தட்டு, நான் யோசிக்கிறேன்.
எழுதியவர் யோப். வயது நாற்பத்தாறு,
அம்மா வீட்டு மாடியில் இருந்தார்.
வாடகை என்ற சொல்லை
தின்றறியாத பழத்தின் பெயரைப் போலச் சொல்வார்.

பதிவு நடந்த பதினொரு நாளும்
எங்களை ஒரு ஃப்ளாட்டில் வைத்திருந்தார்கள்.
சாவி மேனேஜரிடம்.
இரவு பத்துக்கு வெளியே பூட்டு விழும்,
உள்ளே நாங்கள்
வாசல் என் சொல்லிலே, வாசல் என் சொல்லிலே,
மூன்று சுருதியில் பயிற்சி.
அப்போது அதில் எந்த முரணும் தெரியவில்லை.
பசிதான் தெரிந்தது.

இரண்டாம் சரணம் முடிந்து ஓர் இடம் வரும்.
டிரம்ஸ் நிற்கும். ஒரு சிரிப்பு.
அது யோப் எழுதியதல்ல.
மொரீனின் செருப்புக் குதி உடைந்து
அவள் மைக் கம்பியைப் பிடிக்க
கம்பி ஃபெம்கேவின் மேல் சாய
நான் சிரித்துவிட்டேன். பிறகு மூவரும்.
அழி என்றார் மேனேஜர்.
ஒலிப்பதிவுப் பையன், பெயர் மறந்துவிட்டது,
அழிக்கவில்லை.

சொல்லுக்கு ராயல்டி உண்டு, மெட்டுக்கு உண்டு.
சிரிப்புக்கு இல்லை.
கேட்டுப் பார்த்தேன். மரியாதையான கடிதம் வந்தது.

இப்போது பூட்டு மாற்றுகிறேன்.
வேன் என்னுடையது, தவணை பாக்கி.

நேற்று சார்லோயிஸில், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
கதவைத் திறந்தவள்
சட்டையின் ஒரு கையை மட்டும் இஸ்திரி போட்டிருந்தாள்.
பழைய சிலிண்டரை நான் கழற்றுவதை
பல் பிடுங்குவதைப் பார்ப்பவள் போலப் பார்த்து நின்றாள்.
அவர் வெள்ளிக்கிழமை திரும்பி வருவார், என்றாள்.
நேற்று புதன்.
இந்தத் தொழிலில் கேள்வி கேட்பதில்லை,
திருகாணியைத்தான் பார்ப்போம்.

சமையலறை ரேடியோவில் நாங்கள் வந்தோம்.

அவள் கூடப் பாடவில்லை.
வாடகைக்கு வாயசைக்கவில்லை, வாசலுக்கும் இல்லை.
டிரம்ஸ் நின்றது.
சிரித்தாள்,
எங்களைவிட அரை நொடி முந்தி,
அந்த இடத்தில் பல வருடம் சிரித்துப் பழகியவள் போல.
ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கட்டைவிரலில் கீறியது.
நான் யாரென்று சொல்லவில்லை.
சொன்னால் பாட்டு என்னுடையதாகிவிடும்.

பொட்டலத்தில் மூன்று சாவி.
ஒன்று எனக்கு, என்று எடுத்தாள். ஒன்று மகளுக்கு.
மூன்றாவதை வெகுநேரம் பார்த்தாள்.
ஆற்றில் போடலாம், ஆணியில் மாட்டலாம்,
பூட்டுக்கு எல்லாம் ஒன்றுதான், என்றேன்.

பில் யார் பெயரில்?

வாயைத் திறந்தாள், மூடினாள்.
பிறகு கல்யாணத்துக்கு முந்தைய பெயரை
எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.
நடுவில் நின்று
ஒரு எஸ்ஸா இரண்டா என்று யோசித்தாள்.

எனக்கு மணிக்கணக்கில் கூலி.
அந்த நிமிடத்தைச் சேர்க்கவில்லை.