யெபோ

மூளையில் ரத்தம் உறைந்த இரவுக்குப் பிறகு
கோபால் படையாச்சியிடம் மிஞ்சியது
இடது கையும் ஒரு சொல்லும்.
யெபோ.
சூலு மொழியில் ஆமாம்.

முப்பது வருஷம் கரும்பு லாரி ஓட்டியவர்.
டொங்காட் ஆலை வாசலில்
எடை போடுகிறவனுக்கு, டயர் மாற்றுகிறவனுக்கு,
சாலையில் கைகாட்டி மறிக்கிறவனுக்கு
சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல்.
தமிழ் போய்விட்டது. இங்கிலீஷ் போய்விட்டது.
மகளின் பெயரும்கூட.
இது மட்டும் எப்படியோ
பல்லிடுக்கில் சிக்கிய கரும்புச் சக்கை மாதிரி.

வந்த அன்று அவருடைய தாளில் நான்தான் எழுதினேன்:
பிடிக்காதது எதுவுமில்லை.
கேட்டேனே.
பருப்பா? யெபோ. மீனா? யெபோ. பூசணியா? யெபோ.
எவ்வளவு சுலபமான மனுஷன் என்று
வண்டியை அடுத்த கட்டிலுக்கு உருட்டினேன்.

பதினோரு நாள் பூசணி.
மசித்தது, பட்டைத்தூள் தூவியது.
வாயை இறுக்கிக்கொள்வார். கன்னத்தில் ஒதுக்கிவைப்பார்.
ஒருநாள் என் ஏப்ரன் முழுக்க.
இரவு நர்ஸ் எழுதினாள்: ஒத்துழைப்பதில்லை.
ஜொஹானஸ்பர்க்கிலிருந்து மகள் போனில் சொன்னாள்,
"எது வைத்தாலும் சாப்பிடுவாரே,
அம்மா கேட்டதே இல்லை."

நொக்குதுலாதான் கண்டுபிடித்தாள்,
தரை துடைத்தபடி, தலை நிமிராமல்:
"அது போலீஸ்காரனுக்குச் சொல்கிற யெபோ.
என் அப்பா சொல்வார் அப்படி,
பாஸ் புத்தகத்தை நீட்டிக்கொண்டே."

அன்று ராத்திரி சூப்பர்மார்க்கெட் தாள்களைக் கத்தரித்தேன்.
கோழிக்கால், முட்டை, பீன்ஸ், ரொட்டி,
டின் மத்தி, பாதியாய் வெட்டிய பூசணி,
விலையோடு சேர்த்தே.
கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் ஒட்டினேன்.

மறுநாள் அவர் மேசையில் பரப்பினேன்.
எதுவும் கேட்கவில்லை. நின்றேன்.
எனக்கு அதுதான் கஷ்டம், இன்னும் இருபத்தாறு கட்டில்.
இடது கை வந்தது. நடுங்கி, வட்டமடித்து,
பூசணியை விளிம்புவரை தள்ளிப்போய்
விழவிட்டது.
யெபோ, என்றார்.

இப்போது பீன்ஸ் கறி என்று தெரியும், உருளைக்கிழங்கு போட்டு.
மத்தி என்று தெரியும், பச்சைமிளகாய் நசுக்கி.
மசித்துத்தான், இருந்தாலும்.
டீக்கு மூன்று கரண்டி; டாக்டர் ஒன்று என்கிறார்,
அது தனி வழக்கு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறெதையோ தேடுகிறார்.
ஒவ்வொரு அட்டையாகப் புரட்டி, பின்பக்கமும் பார்த்து.
நான் வரைகிறேன். எனக்கு வரைய வராது.
கூழ்? விழுகிறது.
நண்டு? விழுகிறது, அதை நண்டென்று
யாரும் நம்பமாட்டார்கள்.
லிச்சியா? மாங்காய் ஊறுகாயா? சோஜியா?
யெபோ, யெபோ, யெபோ,
ஒவ்வொன்றும் ஒரு குரலில்,
கடைசியில் கிட்டத்தட்ட சிரிப்போடு.

நொக்குதுலா விளக்குமாறோடு வந்தாள்.
கட்டிலைச் சுற்றிப் பதினான்கு அட்டை.
"அப்புறம் வருகிறேன்," என்றாள்.
"இன்னும் பேசி முடிக்கவில்லையே அவர்."