புளியரை, சனிக்கிழமை

வண்டி கிளம்பவில்லை. அதனாலென்ன.
கார்புரேட்டரைக் கழற்றி
மலையாளத் தாள்மேல் பரப்பியிருக்கிறான் மைதீன் பிச்சை.
நேற்றைய லாட்டரி முடிவுகளில்
பெட்ரோல் ஊறுகிறது.

புனலூர் ஷிபு வந்தது
ஒரு கிளட்ச் கேபிளுக்காக.
மூன்று மணிக்கே வாங்கிவிட்டான்.
இப்போது ஆறரை.

"எழுபத்திரண்டு மாடல் ஜாவா" என்கிறேன்.
"டேங்குக்கு மட்டும்தான்வே அந்த ஜாதகம்."

மழை ஆரியங்காவு தாண்டி இறங்குகிறது.
ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு
உள்ளே ஏழு பேர், ஐந்து வண்டி,
டீ கிளாஸில் யாருடையதோ ஸ்பார்க் பிளக்.

மாட்டியாயிற்று.
உதைக்கிற லீவரே மடங்கிக்
கியராகிற வண்டி இது;
உதைக்காமல் எங்கும் போகவிடாது.

பதினோராவது உதை.

புகை. நீலமாய், கடை நிறைய.
எல்லோரும் இருமுகிறோம்.
ஒருவரும் வெளியே போகவில்லை.