தலை கொடுத்தவன்

வியாழக்கிழமை மூன்று மணிக்கு
என் தலையைக் கொடுக்கப் போவேன்.
பெரிய தலை ஒன்றுமில்லை.
உச்சியில் பாதி உதிர்ந்தாயிற்று,
காதோரம் மட்டும் அடம்பிடித்து நிற்கிறது நரை.
"இருப்பதை வைத்துப் பழகிக்கொள்வார்கள்" என்றாள்
கொன்செப்சியோனிலிருந்து பேருந்தில் வரும் மிரேயா.
எதிலும் போய்த் தலையைக் கொடுக்காதே என்று
இருபது வருடமாகச் சொல்லிவந்த என் மனைவி
அன்று ஒன்றும் சொல்லவில்லை.

சுரங்கம் மூடி எட்டு மாதம்.
தொழிற்சங்கத்தின் வாத்தியக் கூடத்தில்
ஆறு கண்ணாடி, ஆறு நாற்காலி,
மூலையில் யாரும் எடுத்துப்போகாத ஒரு முரசு.
அரசாங்கம் தொண்ணூறு நாளுக்குத் தருவது:
பேருந்துக் கட்டணம், ஒருவேளை சூப்பு,
ஆளுக்கொரு கத்தரிக்கோல்.
தலைகளை ஊர்தான் தர வேண்டும்.

மதுக்கடையில் சிரித்தார்கள்.
நிலக்கரி வெட்டினவன் மயிர் வெட்டுகிறானாம்.
நானும் சிரித்தேன், முதல் வாரம்.

எலியோதோரோ கர்ராஸ்கோ,
கடலுக்கு அடியில் இருபத்தாறு வருடம்.
அவன் விரல் வளையத்துக்குள் நுழையவில்லை.
கால்நடை மருத்துவரிடம் கேட்டு
பெரிய கத்தரி ஒன்று வாங்கி வந்தாள் மிரேயா.
"மண்வாரி இல்லை இது, இறுக்காதே.
முட்டையைப் பிடிப்பதுபோல் பிடி."
"முட்டை விற்கும் விலையில்
யார் முட்டையைப் பிடித்தார்கள்" என்றான்.

முதல் வாரம் காது.
இரண்டாம் வாரம் அதே காது.
மூன்றாம் வாரம்தான் கவனித்தேன்,
அவன் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
விரல்முட்டியால் என் மண்டையை
மெல்லத் தட்டிக் கேட்கிறான்.
கீழே, இருட்டில், கூரையைத் தட்டிக் கேட்ட பழக்கம்.
ஓரிடத்தில் நிற்கிறான்.
"இங்கே கூரை சரியில்லை."
ஏழு வயதில் படகுத்துறையில் விழுந்த பள்ளம் அது.
என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஒன்றை அவனிடம் நான் சொல்லவில்லை.
சொல்லத் தேவையுமில்லை.
அந்த ஏப்ரலில் அவன் தெருவுக்குப்
பதினேழு உறை கொண்டுபோன தபால்காரன் நான்.
எல்லாம் ஒரே கனம்.
வாசலிலேயே பிரித்தான், கரியேறிய கட்டைவிரல் நகத்தால்.
படித்தான். மடித்தான்.
"மழை வரும்போல, பையை மூடிக்கொள்" என்றான்.
அந்தக் கை இப்போது
சவரக்கத்தியோடு என் பிடரியில் இருக்கிறது.
நான் அசையவில்லை.

சாந்தியாகோவிலிருந்து ஒருவர் வந்தார், காகிதக் கட்டோடு.
இருபத்திரண்டு பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை?
ஏழு, என்றாள் மிரேயா.
ஏழுதானா, என்றார்.
ஏழு, என்றாள் மறுபடியும், வேறு குரலில்.
அவர் கேட்டது நியாயம்தான்.
காசில்லாத ஊரில் முடி மட்டும் வளர்கிறது,
ஒரு மலைச்சரிவு எத்தனை சவரக்கடை தாங்கும்?
ஆனால் அவர் காகிதத்தில் வராத ஒன்று:
ஏழு மணிக்குக் குளித்து முடித்து
எங்கோ போவதற்கென்று கதவைத் திறக்கும்
இருபத்திரண்டு பேர்.
எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது
தபால்காரனுக்குத் தெரியும்.

திட்டத்தை நீட்டிக்கக் கேட்ட மனுவில்
பெயர், முகவரி, அப்புறம் ஒரு கட்டம்:
இதில் உங்கள் பங்கு என்ன?
எனக்கு மேலே மாணவர், மாணவர், நன்கொடையாளர்,
மாணவரின் மனைவி.
நான் "தலை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நீட்டித்தார்கள். அறுபது நாள் மட்டும்.

எலியோதோரோவுக்கு இப்போது கொன்செப்சியோனில்,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
ஜன்னலோரம் இல்லாத இரண்டாவது நாற்காலி.
அங்கே கண்ணாடியைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமாம்.
"யாரோ கிழவன் எனக்குப் பின்னால் நிற்கிறான் என்று
திரும்பிப் பார்த்தேன்" என்றான்.

எனக்கு வேறு ஆள் வந்திருக்கிறான்.
ரிகோபெர்த்தோ, நாற்பத்தொன்பது வயது, கை நடுங்குகிறது.
இது அவனுக்கு முதல் வாரம்.
ஆகவே காதில் பிளாஸ்திரி.