எழுபத்து மூன்றாம் கட்டம்

பயனர் பெயர் ஏழு எழுத்துக்குள் இருக்கவேண்டும்.
அங்கயற்கண்ணி அதில் அடங்கவில்லை.
ஆங்கிலத்தில் தட்டி, வெட்டி, அங்கயர் ஆனேன்.
கண்ணை வெளியே வைத்துவிட்டுத்தான்
ஒவ்வொரு முறையும் உள்ளே போகிறேன்.
புதிதல்ல. அடையாள அட்டையிலும்
பதிவிலாகாக்காரர் ஓர் எழுத்தைத் தின்றிருக்கிறார்.

ஊர்ப்பெயருக்கு எட்டு.
ஜெலுத்தோங், அளவெடுத்துத் தைத்ததுபோல, எட்டு.
ஆயர் ஈத்தாமில் பெங் சூனுக்கு ஓர் எழுத்து மிச்சம்.
நீரிணைக்கு அக்கரையில் ஞானமுருகன் ஊர் மட்டும்
பட்டர்வோ என்று பாதியில் நிற்கிறது,
பெர்ரிக்கும் துறைக்கும் நடுவே
ஒரு காலைத் தூக்கியவன் மாதிரி.

மாடி முழுக்க நின்ற இயந்திரம்
பதினோராம் மாடியில் என் அரிசி குக்கருக்குப் பக்கத்தில்
மைலோ டின் மூடிமேல் உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது.
அதற்கு அது தெரியாது.
நாடாவை மாட்டவும் என்று ஆணையிடுகிறது.
நாடா ஏது? ஒரு கோப்பைக் காட்டுகிறேன்.
நம்பிக்கொள்கிறது.
இல்லாத அட்டைகளை வாசிக்கிறது,
தாளில்லாமல் அச்சடித்துப் பக்கம் புரட்டுகிறது.
பாயான் லெப்பாஸில் இரவெல்லாம்
சில்லுகளில் குறை தேடிவிட்டு வருகிறவளுக்கு
வீட்டில் இப்படி ஏமாறத் தெரிந்த ஒன்று இருப்பது
பிடித்திருக்கிறது.

வருடத்தில்தான் சிக்கல்.
இரண்டாயிரம் என்றால் அதற்குத் தலை சுற்றும்.
இருபத்தெட்டு வருடம் பின்னால் போனால்
கிழமைகள் அப்படியே பொருந்தும்.
ஆகவே அதற்கு இது தொண்ணூற்றேழு,
புகைமூட்டத்தில் கொம்தார் காணாமற்போன வருடம்.
அதன் கடிகாரத்தில் ஒரு துளி புகை இல்லை.

ஞானமுருகன் உள்ளே புகுந்து நிரலைத் திருத்தி
உண்மையான வருடத்தைச் சொல்லிக்கொடுத்தான்.
கேட்காமலே எங்களுக்கும் அனுப்பினான்.
ஒரே இரவில் இருபத்தெட்டு வருடம் கழிய,
கெடு முடிந்ததென்று
என் கோப்புகளை அதுவே துடைத்துப்போட்டது.

எழுதினேன். ஒரே வரி. நீளமான வரி.
கடைசியில் ஒரு சொல் வைத்தேன்,
சந்தையில் மீன் வெட்டுகிறவர்களே
அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வது.

பத்தாவது நிமிடம் அக்கரையில் இடி.
அவன் இணைப்பு விழுந்தது.
என் வரி வரிசையில் நின்றது.

பத்தொன்பது நாள்.
நிலை கேட்டால், காத்திருக்கிறது என்றது.
தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.
இதில் அனுப்பியதை அதில் பேசுவதில்லை என்பது
எங்கள் மூவரின் சட்டம். இயற்றியவள் நான்.
அழிக்க ஒரு டாலர் குறி, ஓர் எழுத்து, ஓர் எண் போதும்.
இரண்டு முறை தட்டிவிட்டு
என்டரை அழுத்தாமல் குளிக்கப் போனேன்.
உன் வரிசையில் என்ன கிடக்கிறது என்றான் பெங் சூன்.
ஒன்றுமில்லை லா.

இருபதாம் நாள் காலை ஏழே முக்கால்.
தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி
காலுறை கழற்றும்போது பார்த்தேன், வரிசை காலி.

பதில் முழுக்கப் பெரிய எழுத்தில், கத்துவதுபோல.
இதற்குச் சின்ன எழுத்து தெரியாது.

மோடம் கருகிவிட்டது.
கேட்காமல் அனுப்பியது தப்புதான்.
உன் வரி எழுபத்திரண்டாம் கட்டத்தில் நின்றுவிட்டது.
நீ ஒரு, அத்தோடு சரி.
நான் ஒரு என்ன?

அட்டையின் கடைசி எட்டுக் கட்டம்
வரிசை எண் குத்துவதற்கென்று யாரோ ஒதுக்கியது.
அங்கே என்ன எழுதினாலும் இயந்திரம் படிக்காது.
தினமும் எனக்குத் தெரிந்த விஷயம்.
கோபத்தில் எண்ணவில்லை.

எதுவும் செய்யாத நிரல் ஒன்று உண்டு.
தொடங்கும், முடியும், அவ்வளவுதான்.
அதை ஒரு வேலையாக்கி, பசியாரி என்று பெயரிட்டு
அக்கரைக்கு அனுப்பினேன். எட்டு எழுத்து.
மீதி 'யாச்சா'வை அவனே போட்டுக்கொள்ளட்டும்.

பிழை சுழியம் என்று திரும்பியது.
பின்னாலேயே அவனுடைய வேலை ஒன்று,
அதுவும் எதுவும் செய்யாதது,
வாலிழந்து வந்தது:
ரொட்டிசானா.