அபராதச் சீட்டு

நெப்ராஸ்காவில் மார்ச் மாதக் காற்றுக்கு
வேறு வேலை கிடையாது.
கொடிக்கம்பத்துக் கயிற்றை அடித்துக்கொண்டே இருக்கிறது.

கருங்கல்லில் பெயர்கள். குசேரா எங்கே?
மூன்றாவது பலகை, கீழிருந்து ஐந்தாவது வரி.
குனிய வேண்டியிருக்கிறது.

எழுபத்தெட்டு மைல் வேகம். நூற்றிருபது டாலர்.
கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினார்.
மனதுக்குள் திட்டினேன், கொஞ்சம் வாய்விட்டும்.
"பாலத்தில் பனி உறைந்திருக்கிறது, பார்த்துப் போங்க."
போனேன்,
அவர்மேல் இருந்த கோபத்தில்
வேண்டுமென்றே ஊர்ந்து.

அரைமணி கழித்து அதே பாலத்தில்
கவிழ்ந்த யாருடைய காருக்கோ
விளக்குக் காட்டி நின்றவரை
லாரி ஒன்று.

பணத்தைக் கட்டினேன். சீட்டை வைத்துக்கொண்டேன்.
இப்போது கல்லோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறேன்.
உளிக்கு எல்லா எழுத்தும் ஒரே உயரம்.
இதில் அவர் கையெழுத்தின் கடைசி எழுத்து
வால் நீண்டு கோட்டைத் தாண்டி,
அபராதத் தொகைமேல் ஏறிக் கிடக்கிறது.
விரல் விறைத்திருக்கும்.

பக்கத்தில் காகிதம் வைத்து
வேறொரு பெயரைப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் பெண்
நிமிராமலே கேட்கிறாள்:
உங்களுக்கு என்ன உறவு?

சீட்டை மடித்துக்கொண்டே சொன்னேன்:
என்னை நிறுத்தினவர்.